கடைசியாக வருபவர் கதவைச் சாத்தவும்

சுமாயா நிலையத்தில் எட்டு மணிக்கு
ஏழு பேர் இறங்கினோம்.
மழை வருமென்று கைப்பேசி சொன்னதை
கோல்டோ மட்டும்தான் நம்பினான்.
குடை கொண்டுவந்தான்,
ரயிலிலேயே மறந்தும் விட்டான்.

மயாலென் வந்திருந்தாள்.
எனேக்கோவும் வந்திருந்தான்.
மார்ச்சில் பிரிந்தவர்கள்.
மற்றவர் வரமாட்டாரென்று
இருவருமே நினைத்திருக்க வேண்டும்.
நாங்களும் அதே கணக்கில்
ஆறு பேருக்குத்தான் ரொட்டி வாங்கியிருந்தோம்.

ஏற்றம் தொடங்கியதும்
யாரும் சொல்லாமலே ஒரு வரிசை அமைந்தது.
முன்னால் அவள்.
பின்னால், எனக்கும் பின்னால், அவன்.
நடுவே நாங்கள் ஐவர்
துணி காயும் கொடிபோல
சில இடத்தில் விறைத்தும்
சில இடத்தில் தொய்ந்தும்.

வலப்பக்கம் கடல்.
இடப்பக்கம் பைன் மரமும் புல்லும்
கழுத்தில் நீலச் சாயம் பூசிய ஆடுகளும்.
மலையென்றால் சேர்ந்திரு,
கடலென்றால் காத்திருந்து வருந்து
என்று என் மொழியில் பழைய ஏற்பாடு.
இரண்டும் ஒரே ஒற்றையடிப் பாதையில் வந்தால்
என்ன செய்வதென்று
எங்கேயும் படித்த நினைவில்லை.

விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தோம்.
பாறை, சீட்டுக்கட்டைச் சரித்துவைத்ததுபோல்
அலைக்குள் போய்க்கொண்டே இருந்தது.
"கெட்டியாக ஒன்று, மெத்தென்று ஒன்று"
என்றாள் பள்ளியில் நிலவியல் நடத்தும் இட்சாசோ,
"இப்படி ஒரு ஜோடி சேர
இருபதாயிரம் ஆண்டு ஆகும்."
ஜோடி என்ற சொல் கொஞ்ச நேரம்
காற்றிலேயே நின்றது.
"என் குதிகால் கொப்புளத்துக்கும்
அவ்வளவு ஆகும்போலிருக்கு" என்றான் உனாய்.
தேவைக்கு மேலேயே சிரித்தோம்.

ஒவ்வொரு மேய்ச்சல் வேலிக்கும் ஒரு கதவு.
ஒவ்வொரு கதவிலும் தகரப் பலகை, இரண்டு மொழியில்:
கடைசியாக வருபவர் சாத்தவும்.
பதினொரு கதவு எண்ணினேன்.
பதினொன்றையும் திறந்தவள் அவள்.
சாத்தியவன் அவன்.

மழை கைப்பேசி சொன்ன நேரத்துக்கே வந்தது.
பன்றி கிளறிய சரிவில்
கராசி இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தாள்.
ஓடையைத் தாண்டிய எனேக்கோ
ஓடையைத் தாண்டவில்லை.
முழங்கால்வரை நனைந்த வலது காலோடு
"ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்றான்.
நடக்கும்போது அவன் காலணி
தவளை விழுங்குவதுபோல் சத்தம் போட்டது.

ஆட்டுக் கொட்டகையின் கூரைக்கடியில் சாப்பாடு.
மயாலென் ரொட்டியை அறுத்தாள்.
ஆறு பேர் ரொட்டியில் ஏழு துண்டு,
ஒன்றுகூடச் சின்னதாய்த் தெரியவில்லை.
பிறகு தன் பையின் அடியில் கைவிட்டு
எதையோ தேடி எடுத்தாள்.
சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை,
ஆண்கள் அளவு,
போன இலையுதிர் காலத்திலிருந்து
அங்கேயே கிடந்திருக்கும்.
பக்கத்திலிருந்த கராசியிடம் கொடுத்தாள்.
கராசி ஒன்றும் கேட்காமல் உனாயிடம்.
உனாய் கோல்டோவிடம்.
கோல்டோ இட்சாசோவிடம்.
இட்சாசோ என்னிடம்.
காய்ந்திருந்தது.
அந்த நாளில் நான் தொட்டவற்றில்
காய்ந்திருந்தது அது ஒன்றுதான்.
அவனிடம் நீட்டினேன்.
அவன் யாரையும் பார்க்காமல் குனிந்து
போட்டுக்கொள்ள நெடுநேரம் எடுத்துக்கொண்டான்.

தேபாவுக்கு இறங்கும் முன் கடைசிக் கதவு.
மரம் ஊறி உப்பியிருந்தது,
சங்கிலி கொக்கிக்கு எட்டவில்லை.
ஒருவர் தூணை இழுத்துப் பிடித்தால்தான்
இன்னொருவர் மாட்ட முடியும்.
நாங்கள் இறங்கிப் போய்விட்டிருந்தோம்.
திரும்பிப் பார்த்தவன் நான் மட்டும்,
அதுவும் முழங்கால் வலித்ததால் நின்றபோது.
அவள் இழுத்தாள்.
அவன் மாட்டினான்.
ஆடு எதுவும் தப்பவில்லை.
அவ்வளவுதான்.

ரயிலில் அவள் முதல் பெட்டியில்,
அவன் கடைசியில்.
நடுப்பெட்டியில் ஐந்து பேருடைய நீராவி.
கண்ணாடியில் யாரோ கட்டைவிரலால்
ஆடு ஒன்று வரைந்தார்கள், நாய்போல இருந்தது.
எதிரே இரண்டு இருக்கை காலியாகவே வந்தன.
கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு
ஒன்றில் என் காலை நீட்டிக்கொண்டேன்.